உச்சமும் உரப்பும்: ஒலியளவைச் சமன்செய்த வரலாறு

மொழியின் முதல் வடிவம் ஒலி. எழுத்து அதற்குப் பின்னர்த் தோன்றியது. எழுத்துகள் பிறக்கும் முறையைக் கூறவந்த நன்னூலாரும் எடுத்தல், படுத்தல், நலிதல் என்னும் முயற்சி வேறுபாடுகளைச் சுட்டிச் செல்கின்றார். 'வா' என்னும் ஓரெழுத்தொருமொழியை உரக்கச் சொன்னால் அது கட்டளையாகும். மெல்லச் சொன்னால் வேண்டுகோளாகும். மேலும் தாழ்த்திச் சொன்னால் பரிவாகவும் ஆகும். வகுப்பறையில் நின்று பாடம் சொல்லும் ஆசிரியர் எவரும் இதனை அறிவர். ஆகவே, பேச்சைப் பதிவு செய்து காப்போர் சொல்லை மட்டும் காத்தால் போதாது. அச்சொல் ஒலித்த உரப்பையும் காத்தல் வேண்டும்.

சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் ஒலிநாடாவில் பதிவான தமிழ் ஏராளம். இலக்கியச் சொற்பொழிவுகள், கேட்டல் கருத்தறிதல் பாடங்கள், முதியோரின் நினைவுரைகள் ஆகியவை அவற்றுள் சில. அவற்றை இன்று கணினிக் கோப்புகளாக மாற்றுகின்றோம். மாற்றிய பின்னர் ஒரு கோப்பு காதருகே வைத்தாலும் கேட்பதில்லை. அடுத்த கோப்போ செவிப்பறையைத் தாக்குகின்றது. எல்லாவற்றையும் ஒரே அளவாக்குமாறு கணினிக்குக் கட்டளையிட்டாலும் குறை முற்றும் நீங்குவதில்லை. சில கோப்புகள் முன்போலவே தாழ்ந்து ஒலிக்கின்றன. சிலவற்றில் குரல் கரகரத்து உடைகின்றது. வேறு சிலவற்றில் பேசுபவர் மூச்சு விடும் இடைவெளியில் நாடாவின் இரைச்சல் அலைபோல் எழுகின்றது.

இக்குறைகளுக்குப் பெரும்பாலும் கருவி காரணமன்று. ஒலியின் உச்சம் வேறு, உரப்பு வேறு என்னும் உண்மையை மறந்து செயற்படுவதே காரணம். உச்சம் என்பது ஒலியலை தொடும் மிக உயர்ந்த புள்ளி. அதனைக் கருவி நொடியில் அளந்துவிடும். உரப்பு என்பது செவி உணரும் வலிமை. அதனை அளக்கும் வழியை உலகம் ஏற்றுக்கொள்ள ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் ஆயின. அந்த எண்பது ஆண்டு வரலாற்றை அறிந்தவர்க்கு மேற்கூறிய குறைகளைக் களையும் வழி தானே புலப்படும்.

அளவுகோல் பிறந்தது

ஒலியை அளக்கும் தேவையை முதலில் பெரிதும் உணர்ந்தவர்கள் தொலைபேசிப் பொறியாளர்களே. கம்பி நீள நீளக் குரல் தேய்ந்தது. எவ்வளவு தேய்ந்தது என்பதைத் தொடக்கத்தில் 'ஒரு மைல் கம்பியில் தேயும் அளவு' என்று கூறி வந்தனர். 1920களில் அமெரிக்கப் பெல் தொலைபேசி அமைப்பினர் அதனை விடுத்து, ஆற்றல்களின் விகிதத்தைக் கொண்டு புதிய அலகொன்றை வகுத்தனர். தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்ற அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் பெயரால் அது 'டெசிபல்' எனப்பட்டது.

டெசிபல் ஒரு விகிதம் என்பதை மாணவர் மனத்திற் கொள்ள வேண்டும். 10 டெசிபல் கூடினால் ஆற்றல் பத்து மடங்காகும்; 20 டெசிபல் கூடினால் நூறு மடங்காகும். ஆனால் ஆற்றல் பத்து மடங்கானபோது செவி பத்து மடங்கு உரப்பை உணர்வதில்லை. ஏறத்தாழ இரண்டு மடங்கு என்றே உணர்கின்றது. கருவியின் கணக்கும் செவியின் கணக்கும் வெவ்வேறு என்பதற்கு இது முதற் சான்று.

இரண்டாம் சான்றை 1933ஆம் ஆண்டு பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஹார்வி பிளெட்சரும் வில்டன் மன்சனும் அளித்தனர். வெவ்வேறு அதிர்வெண்கள் கொண்ட ஒலிகளை 1000 ஹெர்ட்ஸ் ஒலியோடு ஒப்பிட்டுக் கேட்கச் செய்து, எவை சம உரப்புடன் உணரப்படுகின்றன என்பதை வளைகோடுகளாக வரைந்தனர். தாழ்ந்த அதிர்வெண்களில் செவி மந்தமாக உள்ளது. 3000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையில் மிகக் கூர்மையாக உள்ளது. ஒலி மெலிய மெலிய அந்த வேறுபாடு மேலும் பெரிதாகின்றது. ஒரே ஆற்றல் கொண்ட இரண்டு ஒலிகள் ஒரே உரப்பாகக் கேட்கவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை என்பது அன்றே மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது.

இரு கருவிகள், இரு வினாக்கள்

வானொலி வளர்ந்தபோது அந்த உண்மை நடைமுறைச் சிக்கலாயிற்று. பேச்சாளர் குரலை உயர்த்தினால் ஒலிபரப்புக் கருவி தாங்காது உடைந்து ஒலிக்கும். தாழ்த்தினால் இரைச்சலில் அமிழும். எனவே நிலையத்தில் இருப்போர் முள்ளைப் பார்த்துப் பார்த்து ஒலியைக் கூட்டியும் குறைத்தும் வந்தனர். அந்த முள் எதனைக் காட்டவேண்டும் என்பதில் இரு நாட்டவர் இரு வழிகளில் சென்றனர்.

அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடமும் சி.பி.எஸ்., என்.பி.சி. ஆகிய வானொலி நிறுவனங்களும் கூடி 1939இல் 'வி.யூ.' அளவியை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. அதன் முள் உரிய இடத்தை அடைய நொடியில் பத்தில் மூன்று பங்கு நேரம் எடுக்கும். அதற்குள் வந்து மறையும் கூரிய ஒலிகளை அது பொருட்படுத்தாது, சராசரியையே காட்டும். பிரிட்டனின் பி.பி.சி.யோ அதே காலப்பகுதியில் உச்சங்களை விரைந்து பற்றிக் காட்டும் அளவியை உருவாக்கிற்று.

ஒன்று 'எவ்வளவு கேட்கின்றது?' என்று வினவியது. மற்றது 'எங்கே உடையும்?' என்று வினவியது. இரண்டும் தேவையான வினாக்களே. ஆனால் ஒன்றன் விடையை மற்றொன்றன் விடையாகக் கொள்ளுதல் கூடாது. பின்னாளில் எழுந்த குழப்பங்கள் பலவும் இந்த இடமாற்றத்தின் விளைவே ஆகும்.

உரப்புப் போர்

1950களில் அமெரிக்க உணவகங்களில் காசு போட்டால் பாடும் இசைப்பெட்டிகள் பெருகின. பெட்டியின் ஒலியளவு மாறாதிருந்தமையால், உரக்கப் பதிவான தட்டே மக்களின் கவனத்தை ஈர்த்தது. ஆகவே இசைத்தட்டு நிறுவனங்கள் தம் தட்டுகளை மேன்மேலும் உரக்கப் பதியலாயின. ஆயினும் அப்போட்டிக்குத் தட்டே ஒரு வேலியாக இருந்தது. ஒலி உரத்தால் வரிப்பள்ளம் அகலும். பள்ளம் அகன்றால் பாடும் நேரம் குறையும். அளவு மீறினால் ஊசி துள்ளும்.

1982ஆம் ஆண்டு அக்டோபரில் ஜப்பானில் குறுந்தட்டு விற்பனைக்கு வந்தபோது அவ்வேலி நீங்கியது. அதில் ஒலி எண்ணாகின்றது. நொடிக்கு 44,100 முறை ஒலியலையின் உயரம் அளக்கப்பட்டு, 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கப்படுகின்றது. கடைசிப் படிக்கு மேல் எண் இல்லை. நாடாவில் அளவு மீறிய ஒலி படிப்படியாகத் திரியும். எண்முறையிலோ அலையின் தலை ஒரேயடியாக வெட்டுண்டு தட்டையாகிவிடும். அந்த வெட்டே நம் செவிக்குக் கரகரப்பாகக் கேட்கின்றது.

உச்சத்திற்கு மேற்கூரை இருந்தது. உரப்பிற்கு அத்தகைய கூரை இல்லை. உச்சத்தைக் கூரையிலேயே நிறுத்திவிட்டு, தாழ்ந்த ஒலிகளை மேலே தூக்கி நெருக்கினால் உரப்புக் கூடும். 1994இல் வேவ்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'எல்1' என்னும் எண்முறை வரம்பி, வரப்போகும் உச்சத்தை முன்கூட்டியே அறிந்து அடக்கும் ஆற்றல் பெற்றிருந்தது. அத்தகைய கருவிகள் பரவியபின் போட்டி முற்றியது. 2008இல் மெட்டாலிக்கா குழுவினரின் 'டெத் மேக்னெட்டிக்' தொகுப்பு வெளிவந்தபோது, அப்பாடல்கள் ஒரு கணினி விளையாட்டில் குறுந்தட்டைவிடத் தெளிவாக ஒலிப்பதை ரசிகர்கள் கண்டனர். தொகுப்பை மீண்டும் கலந்து வெளியிடுமாறு ஆயிரக்கணக்கானோர் விண்ணப்பித்தனர். கேட்போரே உரப்பு வேண்டா என்று குரல் கொடுத்தது குறிப்பிடத்தக்க திருப்பமாகும்.

இப்போரின் பயனாக நாம் கற்கும் பாடம் ஒன்று உண்டு. 1980களில் வந்த குறுந்தட்டும் 2000த்துக்குப் பின் வந்த குறுந்தட்டும் ஒரே உச்சத்தைத் தொடலாம். ஆயினும் பின்னது பல டெசிபல் உரத்துக் கேட்கும். ஆதலால் உச்சங்களைச் சமமாக்கினால் உரப்புச் சமமாகிவிடும் என்று எண்ணுவது, கோபுரக் கலசங்களின் உயரத்தைக் கண்டு கோயில்களின் பரப்பைக் கணிப்பதை ஒக்கும்.

செவியைப் பின்பற்றிய கணக்கு

ஒலியைச் சிறு கோப்பாகச் சுருக்கும் எம்.பி.3 முறையின் தரநிலை 1993இல் வெளியாயிற்று. பல காலத்துப் பாடல்கள் ஒரே கணினியில் அடுத்தடுத்து ஒலிக்கும் நிலை அதனால் வந்தது. முன்னர் நிறுவனங்களுக்குள் இருந்த போட்டி இப்போது வீட்டுக்குள் சிக்கலாகப் புகுந்தது.

இதற்குத் தீர்வாக டேவிட் ராபின்சன் 2001இல் 'ரீப்ளேகெயின்' என்னும் முறையை முன்மொழிந்தார். முதலில் செவியின் இயல்பை ஒத்த வடிகட்டி வழியே ஒலி செலுத்தப்படும். பின்னர் அது நொடியில் இருபதில் ஒரு பங்கு நீளமுள்ள துண்டுகளாக்கப்படும். துண்டுகளின் ஆற்றலை வரிசைப்படுத்தி, நூற்றுக்கு ஐந்து துண்டுகள் மட்டுமே மிஞ்சிநிற்கும் மதிப்பு உரப்பாகக் கொள்ளப்படும். ஒலியில் கை வைக்காமல், 'இத்தனை டெசிபல் கூட்டுக' அல்லது 'குறைக்க' என்னும் குறிப்பைக் கோப்பில் எழுதி வைப்பதே இதன் சிறப்பு. தனிப்பாடலுக்கு ஓர் அளவும் முழுத் தொகுப்புக்கு ஓர் அளவும் எனக் குறிப்புகள் இருவகைப்படும். மெல்லிய பாடல் தொகுப்பினுள் மெல்லியதாகவே நிற்கவேண்டும் என்னும் நயம் இரண்டாவதில் உள்ளது. 2002இல் ஆப்பிள் நிறுவனத்தின் ஐடியூன்சும் 'சவுண்ட் செக்' என்னும் பெயரில் இதனை ஒத்த வசதியைத் தந்தது.

அனைத்துலக அளவில் ஏற்பு 2006இல் வந்தது. அவ்வாண்டு அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 'பி.எஸ். 1770' என்னும் பரிந்துரையில் உரப்பைக் கணிக்கும் முறையை வரையறுத்தது. அதனை அடியொற்றி ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010இல் 'ஆர் 128' பரிந்துரையை வெளியிட்டது. நிகழ்ச்சிகளின் உரப்பு -23 எல்.யூ.எஃப்.எஸ். என்னும் அளவில் அமையவேண்டும் என்பது அதன் விதி. எல்.யூ.எஃப்.எஸ். என்பது எண்முறைக் கூரையிலிருந்து கீழ்நோக்கி எண்ணும் உரப்பு அலகு. ஓர் அலகு மாறினால் ஒரு டெசிபல் மாறியதாகும். பேச்சின் இடைநிற்றல்கள் சராசரியைக் கீழே இழுத்துவிடாதபடி, மிகத் தாழ்ந்த பகுதிகளைக் கணக்கினின்றும் விலக்கும் ஏற்பாடும் அதில் உண்டு. மௌனத்தை மௌனமாகவே விட்டுவிட வேண்டும் என்பதைக் கணிதமும் ஒருவாறு ஒப்புக்கொண்டது.

தொலைக்காட்சி விளம்பரம் நிகழ்ச்சியைவிட உரத்து அலறுகின்றது என்பது பழைய முறையீடு. உச்சத்தை மட்டும் அளந்த காலத்தில் விளம்பரமும் நிகழ்ச்சியும் ஒரே விதிக்கு உட்பட்டே இருந்தன. ஆகவே முறையீட்டைக் கருவியால் மெய்ப்பிக்க இயலவில்லை. உரப்பை அளக்கும் முறை வந்தபின் அமெரிக்கா 2010 டிசம்பரில் இதற்கெனவே சட்டம் இயற்றியது. 2012 டிசம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. மக்களின் செவி நெடுநாளாகச் சொல்லிவந்ததைச் சட்டம் ஏற்பதற்கு நல்லதோர் அளவுகோல் தேவைப்பட்டது.

மாற்றும்போது நேரும் குறைகள்

இவ்வரலாற்றின் ஒளியில், முன்னர்க் கூறிய குறைகளை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதலாவது, சமன்செய்த பின்னும் குரல் தாழ்ந்திருத்தல். மென்பொருள் உச்சத்தை வைத்துச் சமன்செய்திருக்கும். ஒரு மணி நேரச் சொற்பொழிவில் ஒலிவாங்கியை யாரோ ஒருமுறை தட்டியிருந்தால், அந்தத் தட்டலே உச்சமாகும். அது கூரையைத் தொட்டதும் வேலை முடிந்ததெனக் கணினி நிறுத்திவிடும். பேச்சு கீழேயே கிடக்கும். தட்டலைக் கண்டு அதனை மட்டும் தணித்துவிட்டு, உரப்பின் அடிப்படையில் உயர்த்துவதே தீர்வு.

இதனை எண்களால் விளக்குவோம். ஒரு பதிவின் உரப்பு -31. அதன் உச்சம் -6. உரப்பை -23க்குக் கொண்டுவர 8 டெசிபல் கூட்டவேண்டும். கூட்டினால் உச்சம் +2 ஆகும். அது கூரைக்கு மேலே போய் வெட்டுப்படும். ஆர் 128 விதிக்கும் -1 என்னும் உச்ச எல்லைக்கு உட்பட வேண்டுமானால் 5 டெசிபல் மட்டுமே கூட்ட இயலும்; அப்போது உரப்பு -26இல் நிற்கும். அதனை ஏற்பதா, அன்றி மீறும் சில உச்சங்களை மட்டும் தணித்துவிட்டு 8 டெசிபலும் கூட்டுவதா என்பதைக் கேட்டுப் பார்த்து முடிவு செய்தல் வேண்டும். இம்முடிவை இயந்திரத்தின் பொறுப்பில் விடுதல் நன்றன்று.

இரண்டாவது, குரல் உடைதல். நாடாவிலிருந்து கணினிக்கு ஏற்றும்போதே அளவு மீறியிருந்தால் அலையின் தலை வெட்டுண்டு போயிருக்கும். பின்னர் ஒலியளவைக் குறைத்தாலும் வெட்டுண்டது மீளாது. உடைந்த ஒலி தாழ்ந்து கேட்கும், அவ்வளவே. நாடாவை மீண்டும் ஓட்டி, தாழ்ந்த அளவில் பதிவதே வழி. எம்.பி.3 போன்ற சுருக்க முறைகளில் மாற்றும்போது அலையின் வடிவம் சிறிது திரிவதால், மூலத்தில் கூரைக்குள் இருந்த உச்சம் மாற்றிய பின் மீறுதலும் உண்டு. கூரைக்குக் கீழே ஒரு டெசிபலேனும் இடைவெளி விடுவது இதன்பொருட்டே.

மூன்றாவது, இடைவெளிகளில் இரைச்சல் எழுதல். பழைய கையடக்க ஒலிப்பதிவுக் கருவிகள் பலவற்றில் தானியங்கி ஒலியளவுக் கட்டுப்பாடு இருந்தது. பேசுபவர் நிறுத்தியதும் கருவி தானே ஒலியைக் கூட்டும். மின்விசிறியின் ஓசையும் சாலையின் ஓசையும் மேலெழும். பேச்சுத் தொடங்கியதும் அவை அமிழும். இன்றைய மென்பொருள்களுள் சிலவும் முழுக் கோப்பையும் முன்கூட்டி அளக்காமல், ஓடும்போதே கூட்டிக் குறைத்தால் இதே விளைவைத் தருகின்றன. பரவலாக வழங்கும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருளின் 'லவுட்நார்ம்' வடிகட்டி இதற்கு எடுத்துக்காட்டு. ஒரே ஓட்டத்தில் இயக்கினால் அது ஒலியளவை இடத்துக்கிடம் மாற்றிக்கொண்டே செல்லும். மாற்றிய கோப்பு 1,92,000 ஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில் அமைந்து வியப்பூட்டுவதும் அந்நிலையில்தான். முதல் ஓட்டத்தில் அளந்து, அளந்த எண்களை இரண்டாம் ஓட்டத்தில் கொடுத்தால், கோப்பு முழுவதற்கும் ஒரே அளவு கூட்டப்படும். அப்போதும் உச்சம் எல்லை மீறும் எனக் கண்டால் அது பழைய வழிக்கே திரும்பிவிடும் என்பதை நினைவிற் கொள்க.

நான்காவது, குறிப்புகள் தவறுதல். ரீப்ளேகெயின் குறிப்பைப் படிக்கும் கருவியில் சமமாக ஒலித்த கோப்பு, படிக்காத கருவியில் சமமாக ஒலிக்காது. ஒலியிலேயே அளவைக் கூட்டிய பின்னரும் பழைய குறிப்பு அழியாதிருந்தால், ஒரே திருத்தம் இருமுறை நிகழும். ரீப்ளேகெயினின் பிந்திய வடிவம் -18ஐ அடிப்படையாகக் கொள்ள, ஓபஸ் வகைக் கோப்புகளின் குறிப்பு -23ஐ அடிப்படையாகக் கொள்கின்றது. எண்ணை அப்படியே பெயர்த்தெழுதினால் 5 டெசிபல் பிசகும். மாற்றியபின் பழைய குறிப்பை நீக்கிப் புதிதாக அளந்து எழுதுவதே முறை.

ஐந்தாவது, ஒற்றைத் தட ஒலி. ஒரே ஒலிவாங்கியில் பதிந்த பேச்சு ஒரு தடத்தில் -23 என்று அளக்கப்படும். அதனையே இரு தடங்களாக்கினால் ஆற்றல்கள் கூடி, சுமார் 3 அலகு உயர்ந்து -20 என்று காட்டும். ஒற்றைத் தடக் கோப்புகளையும் இரட்டைத் தடக் கோப்புகளையும் கலந்து சமன்செய்வோர், முதலில் எல்லாவற்றையும் ஒரே வகையாக்கிக்கொள்ள வேண்டும்.

காக்க வேண்டியது எது?

சிங்கப்பூரில் 1979இல் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு தொடங்கப்பெற்றது. தமிழ் பேசுவோர் உட்படப் பலரின் வாழ்க்கை நினைவுகள் அங்கு நாடாக்களில் பதிவாயின. பின்னர் எண்முறைக்கு மாற்றப்பட்டன. இத்தகைய பதிவுகளில், ஒருவர் தம் இளமைத் துயரத்தைச் சொல்லும்போது குரல் தாழ்ந்து மௌனத்தில் முடிவதுண்டு. அந்தத் தாழ்வு ஒரு சான்று. எல்லாவற்றையும் ஒரே உரப்புக்கு நெருக்கும் மென்பொருள் அச்சான்றை அழித்துவிடும். சொற்கள் எஞ்சும், சொன்னவர் எப்படிச் சொன்னார் என்பது மறையும்.

இதனாலேயே அனைத்துலக ஒலி, ஒளி ஆவணக் காப்பகச் சங்கம், மூலத்திலிருந்து எடுக்கும் காப்புப் படியில் திருத்தம் செய்யலாகாது என்று வலியுறுத்துகின்றது. அது 2004இல் வெளியிட்ட வழிகாட்டி, நொடிக்குக் குறைந்தது 48,000 மாதிரிகளும் 24 பிட்டு ஆழமும் வேண்டும் என்கின்றது. அந்த ஆழத்தில் பதியும்போது கூரையைத் தொடும் அளவுக்கு ஒலியை உயர்த்த வேண்டிய தேவையே இல்லை. தாழ்வாகப் பதிந்து பின்னர் உயர்த்தினாலும் கேடில்லை.

பள்ளிகளும் சங்கங்களும் கைக்கொள்ள வேண்டிய முறை இதுவே: முதலில் கேட்டல், பின்னர் உரப்பையும் உச்சத்தையும் அளத்தல், மூலப் படியைத் தொடாமல் தனியே வைத்தல், வழங்கும் படிக்கு மட்டும், கோப்பு முழுவதற்கும் ஒரே அளவாகக் கூட்டுதல் அல்லது குறைத்தல், ஒரே நிகழ்வின் பல பகுதிகளை ஒரு தொகுப்பாகவே கருதுதல், மாற்றியபின் மீண்டும் அளந்து, மீண்டும் கேட்டல். இம்முறை செவியில் தொடங்கிச் செவியில் முடிவதைக் காண்க. பிளெட்சர், மன்சன் காலம் முதல் ஆர் 128 வரையில் அளவுகோல் செவியை நோக்கியே நடந்து வந்துள்ளது; செவிக்கு மாற்றாக அது வந்ததில்லை.

சமன்செய்தல் என்பது பதிவுக்கும் பதிவுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை நீக்குவதாகும். ஒரு பதிவினுள் பேசுபவர் வைத்த ஏற்ற இறக்கத்தை நீக்குவதன்று. முன்னது கேட்பவர்க்குச் செய்யும் உதவி. பின்னது பேசியவர்க்குச் செய்யும் தீங்கு. இவ்வேறுபாட்டை உணர்ந்து செயற்பட்டால், நம் முன்னோர் பேசிய தமிழ் வரும் தலைமுறையினர்க்கு உரிய உரப்போடும் உரிய மென்மையோடும் சென்று சேரும்.